பின்னாலேயே வந்த டீச்சர்

அசன் முகம்மது திரும்பிப் பார்த்தார். இருக்கிறாள். இன்னும் பின்னாலேயேதான் வருகிறாள்.

சுகிர்தா டீச்சர். போன வருடம் இந்தக் காட்டுச் சுற்று சைக்கிள் போட்டியில் முதலாவதாக வந்தவள். மணிமுத்தாறு அணைப் பக்கம் கிளம்பி, காட்டுக்குள் ஏறி இறங்கி, கிளம்பின இடத்துக்கே வந்து முடிகிற இருபத்தாறு கிலோமீட்டர். கல்லும் வேரும் ஓடையுமாய்க் கிடக்கிற பாதை. அவளுக்கு இது பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றுகிற மாதிரி.

அப்படிப்பட்டவள், நாற்பத்தேழு வயது போஸ்ட்மேனுக்குப் பின்னால் கடைசி ஆளாக ஏன் ஊர்ந்து வர வேண்டும்?

அசனுக்குக் காரணம் தெரியும். போஸ்ட்மாஸ்டர் காந்திமதிநாதன் வீட்டுக்கு அடுத்த வீடு டீச்சர் வீடு.

டி.பி. வந்து, எட்டு மாதம் மருந்து சாப்பிட்டு எழுந்து வந்த அசனிடம் போஸ்ட்மாஸ்டர் தபால் பையைத் தரவில்லை.

"உம்ம நெஞ்சு இனிமே சைக்கிள் மிதிக்கத் தாங்காதுவே. உக்காந்து முத்திரை குத்தும்."

இருபது வருடம் தெருத் தெருவாக மிதித்த கால். ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை.

"சார், அந்தக் காட்டுச் சுத்தை நான் முடிச்சிட்டா பையைத் திருப்பித் தருவியளா?"

போஸ்ட்மாஸ்டர் சிரித்தார். "ஜீப்புல ஏறாம வந்து சேரும். அப்புறம் பேசுவோம்."

அதுதான் இந்தச் சுற்றின் சட்டம். எல்லாரும் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து ஒரு ஜீப் கிளம்பும். அது யாரை எட்டிப் பிடிக்கிறதோ, அவர் மறுபேச்சில்லாமல் சைக்கிளோடு ஏறிவிட வேண்டும்.

'நான் மூச்சு முட்டி விழுததைப் பாத்துட்டுப் போயி அவருகிட்டச் சொல்லணும். அதுக்குத்தான் வாரா' என்று நினைத்துக்கொண்டார் அசன்.

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "ஏன் டீச்சர், முன்னால போக வேண்டியதுதான?"

"நான் பைய வாரேன் அண்ணாச்சி. உங்களுக்கு எப்படி இருக்கு? இருமல் வருதா?"

"வரலை!"

வந்த இருமலை விழுங்கிக்கொண்டு மிதித்தார்.

மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கியர் சைக்கிள் அது. தடித்த டயர். ஆனாலும் ஓடைக் கல்லில் ஹேண்டில்பார் கையை உதறியது. ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கிக்கொண்டு வந்தது. குப்புறப் படுக்கிற மாதிரி முன்னால் சாய்ந்து அழுத்தினார். காலைத் தரையில் ஊன்றவே இல்லை.

இருபதாவது கிலோமீட்டரில், கீழே எங்கேயோ ஜீப் உறுமுகிற சத்தம் கேட்டது.

இன்னும் ஆறு கிலோமீட்டர்.

அதே நேரம் பின்னால் 'புஸ்ஸ்' என்றது.

"பஞ்சர் அண்ணாச்சி! நிக்காதீய, நீங்க போங்க!"

அசன் பிரேக்கைத் தொட்டார். அவர் சைக்கிளில் பம்பு கட்டியிருந்தது. பையில் பசையும் ரப்பர் துண்டும் இருந்தன. இறங்கினால் பத்து நிமிட வேலை.

பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நன்றாக வேண்டும். வேவு பார்க்க வந்தவளுக்குப் படைச்சவன் கொடுத்த கூலி.

கடைசி ஏற்றத்தில் நெஞ்சு எரிந்தது. கண்ணை இருட்டியது. மரங்களை வீடுகளாக்கிக்கொண்டார். அந்தத் தேக்கு மரத்துக்கு ஒரு கார்டு. அதோ அந்தப் பாறைக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால். கொடுத்தாயிற்று. அடுத்த வீடு. கொடுத்தாயிற்று. அடுத்த வீடு.

ஜீப் இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று முதுகு கூசிக்கொண்டே இருந்தது. வரவில்லை. ஏனென்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

அணை தெரிந்தது. கூட்டம் தெரிந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டி, சைக்கிளோடு அப்படியே சாய்ந்தார்.

தூக்கி நிறுத்தியவர் காந்திமதிநாதன். மேலும் கீழும் பார்த்தார்.

"முடிச்சிட்டீரேவே! திங்கக்கிழமை வந்து பையை எடுத்துக்கிடும்."

அசன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து ஜீப் வந்தது. முன் சீட்டில் சுகிர்தா டீச்சர். பின்னால் அவள் சைக்கிள்.

அசனுக்குள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் திறந்துகொண்டது. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். "என்ன டீச்சர், போன வருசம் மொத ஆளு. இந்த வருசம் ஜீப்பு சவாரியா?"

கூட்டம் சிரித்தது. டீச்சரும் சிரித்தாள்.

"என்ன செய்ய அண்ணாச்சி, டயர் காலை வாரிட்டு." சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பானையை நோக்கி நடந்தாள்.

ஜீப் டிரைவர் முத்துமாலை, டீச்சரின் சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு அசனின் காதருகே குனிந்தார்.

"சிரிக்காதேயும் பாய். பஞ்சராவது ஒண்ணாவது! நான் வரும்போது டீச்சர் பாதைக்குக் குறுக்க சைக்கிளைப் படுக்கப் போட்டு, டயர்ல காத்தை அடைச்சு வைக்கிற வால்டியூபை உருவிக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. 'முன்னால போற மனுசன் போய்ச் சேரட்டும் முத்துமாலை, அதுவரைக்கும் இதை மாட்டவும் மாட்டேன், உம்ம ஜீப்புக்கு வழிவிடவும் மாட்டேன்'னுட்டாங்க."