ஓரம் அடிக்கும் வரை

“கிட்ட வராதீங்க! கதிரையில வெச்சிட்டு அங்கால போங்க!”

பூட்டிய அறைக்குள்ளிருந்து ஹாஜறா போட்ட சத்தத்தில், அவருடைய கணவர் காலிதீன் சோற்றுக் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கதவு ஒரு சாண் திறந்தது. கை ஒன்று நீண்டு கோப்பையை இழுத்துக்கொண்டு போனது. மறுபடி தாழ்ப்பாள் விழுந்தது.

“கொதிக்கக் கொதிக்கத்தானே போட்டீங்க?”

“ஓம் ஓம். அடுப்பிலருந்து நேரா உன்ட கதவடிக்குத்தான்.”

கல்முனை முழுக்க ஊரடங்கு. இந்த வீட்டுக்கு மட்டும் விசேஷமாக, ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று கேற்றில் ஒரு தாளும் ஒட்டியிருந்தது. “ஒராள் அறைக்குள்ள, மத்த ஆள் வெளியில. ரெண்டு கிழமைக்கு ஒரு முகத்த ஒரு முகம் பாக்கக் கூடா” என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லி வாய் மூடவில்லை, ஹாஜறா தையல் மெசின் இருக்கிற அறைக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டாயிற்று. அறுபது வயதில் மனைவி அப்படி ஓடுவார் என்று காலிதீன் கனவிலும் நினைத்ததில்லை.

ஓடியதற்குக் காரணம் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் மகள் நுஸ்ஹாவுக்குக் கலியாணம். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை இந்த வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். அவருடைய கட்டிலில் விரிக்க, துண்டுத் துணிகளை நட்சத்திரம் நட்சத்திரமாக இணைத்து, உள்ளே பஞ்சு வைத்து ஒரு போர்வை தைக்க ஹாஜறா தொடங்கி வருஷக்கணக்காகிறது.

எங்கே தைக்க விட்டார்கள்? ஒரு நட்சத்திரம் முடிவதற்குள் “ஹாஜறா, தேத்தண்ணி!” அடுத்தது முடிவதற்குள் “ஹாஜறா, எண்ட கண்ணாடியக் கண்டியா?” இந்தப் போக்கில் போனால் பேரப்பிள்ளையின் கலியாணத்துக்குத்தான் போர்வை தயாராகும். கல்முனை வெயிலுக்குப் பஞ்சுப் போர்வை எதற்கு என்று காலிதீன் ஒருமுறை கேட்டு, அன்றிரவு சோறில்லாமல் படுத்தார். பிறகு கேட்கவில்லை.

நுஸ்ஹா பக்கத்து வளவில், ஹாஜறாவின் தங்கையான சாச்சி றாஹிலாவின் வீட்டில் நின்றாள். ஆகவே குசினியும் சமையலும் காலிதீனின் தலையில் விழுந்தன. நெல் யாவாரத்திலேயே தலை நரைத்த மனுஷன், ஒரு முட்டை பொரித்தும் பழக்கமில்லை.

“மச்சான்!” வேலிக்கு மேலால் றாஹிலாவின் தலை தெரிந்தது. “அடுப்பில என்னத்த வெச்சிருக்கீங்க? கரியிற மணத்துல எங்கட வீட்டுக்குள்ள இரிக்க ஏலாமக் கிடக்கு!”

அடுப்புக்குப் பக்கத்திலேயே குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த காலிதீன் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மீனாணம் சட்டியோடு சட்டியாகக் கறுத்துப்போயிருந்தது.

“அட, ஓம் புள்ள!”

“யா அல்லாஹ்! சரி, காய்ச்சல் எப்பிடி?”

“அது நேத்தோட விட்டிட்டு.”

“அப்ப ராத்தா கதவத் திறந்திட்டு வரலாம்தானே?”

“நானும் கெஞ்சிக் கெஞ்சித்தான் கேக்கிறன். வந்தாத்தானே!”

அறைக்குள் ஹாஜறாவோ சொர்க்கத்தில் இருந்தார். சுபஹு தொழுதுவிட்டு மெசினில் குந்தினால் கூப்பிட ஆளில்லை. நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளா சிவப்பா என்று காலை முழுக்க யோசிக்கலாம். யோசித்து, தைத்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி தைக்கலாம். உப்புக் கரிக்கிற சோற்றைக்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கினார். இப்படி ஒரு நிம்மதி கிடைத்ததை நினைத்து ஒரு நாள் அழுதும்விட்டார்.

கத்தரிக்கோலின் நறுக்கென்ற சத்தம் கேட்டதும் வெளியே காலிதீன் பதறி எழும்பினார்.

“ஹாஜறா, அது நான் பெருநாளைக்கு உடுக்கிற சாரனா?”

“கடையெல்லாம் பூட்டு. பச்சைக்கு நான் வேற எங்க போக? கதைக்காதீங்க, கோணிரும்!”

ரெண்டு கிழமை முடிந்த அன்று காலை, மாற்றலாகி வந்திருந்த புதுச் சுகாதாரப் பரிசோதகர் றிஸ்கான் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். “இண்டையோட ஒங்களுக்கு விடுதலை. நோயாளிய ஒருக்காப் பாத்திட்டுப் போறன்.”

காலிதீனுக்குக் கண் கலங்கியது. இனி ஒரு வெங்காயமும் உரிக்கத் தேவையில்லை. ஓடிப்போய் அறைக் கதவைத் தட்டினார்.

“ஹாஜறா! விட்டாச்சு! வெளிய வா!”

“ஏலா!” உள்ளிருந்து அலறல் வந்தது. “சேர், ஒங்களுக்கு நன்மை கிடைக்கும், இன்னும் ரெண்டு நாள் நீட்டித் தாங்க! ஓரம் அடிக்கக் கிடக்கு! இப்ப வந்தா என்ன இந்த மனிசன் குசினிக்குள்ள தள்ளிருவாரு!”

றிஸ்கான் வெலவெலத்துப் போனார். வெளியே விடச் சொல்லி அழுதவர்களைக் கண்டிருக்கிறார். நீட்டச் சொல்லி அழுகிற ஆளை இப்போதுதான் காண்கிறார். நோய் மூளைக்கே ஏறிவிட்டதாக்கும் என்று பயந்து, கதவடியை விட்டு விலகி, பாதுகாப்பாகக் காலிதீனை ஒட்டி நின்றார்.

காலிதீன் நீட்டிய தேத்தண்ணியை வாங்கி, முகக்கவசத்தை நாடிக்கு இறக்கி, ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். பிறகு சொந்த அண்ணனை அணைப்பதுபோல் காலிதீனின் தோளில் கையைப் போட்டார்.

“பாவம் காக்கா நீங்க. நோயாளிக்கு இவ்வளவு நாளும் ஆக்கிப் போட்டு, கோப்பை கழுவி... ஒங்களுக்குத் தொத்தாம விட்டது அல்லாஹ்ட காவல்தான்.”

காலிதீன் ஒன்றும் விளங்காமல் விழித்தார்.

“அவக்கு ஒண்டுமில்ல, சேர். கொரோனா எனக்குத்தான்.”