எழுந்து போன அம்மா

"எங்கப்பா ஒரே ஒரு தடவ என் எதிர்ல உட்கார்ந்து, நான் சொல்றதைக் கேட்டா போதும்."

மேடையில் சரத் இந்த வசனத்தைச் சொல்லி முடிக்கவும், இரண்டாவது வரிசையில் கமலா எழுந்துவிட்டார்.

எதிரே நின்ற இளமதி அடுத்த வசனத்தைத் தவறவிட்டாள்.

ஃபேரர் பார்க்கில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த சின்ன அரங்கம் அது. ஒருவர் அசைந்தால் எல்லோருக்கும் கேட்கும். கமலா பக்கத்துக் காலி நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து உள்ளே ஏதோ துழாவினார். குனிந்தார். பிறகு நாலு பேர் முழங்காலை இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"சொல்லுங்க," என்றான் சரத். நாடகத்தில் இல்லாத வார்த்தை. இளமதி எப்படியோ சமாளித்து அடுத்த வசனத்தைச் சொன்னாள்.

நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணும் இருபத்தொன்பது வயது இளைஞனும் காதலிக்கும் கதை. நடிப்பவர்கள் இரண்டே பேர். மேடையை விட்டு இறங்கினாலும் அவர்களுக்கு அதே கதைதான் என்பது அந்த அரங்கில் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர்தான் எழுந்து போனவர். சரத்தின் அம்மா.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வீட்டில் பேச்சே இல்லை. சரத் வாயைத் திறந்தாலே அப்பா அண்ணாதுரை எழுந்து அறைக்குள் போய்விடுவார். அம்மா மட்டும், "நாடகத்துக்கு வர்றேன். பார்க்கிறேன். அவ்வளவுதான்," என்றிருந்தார்.

நேற்று ஒத்திகை முடிந்ததும் இளமதி முடிவாகச் சொல்லியிருந்தாள். "உங்கம்மா கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தாங்கன்னா, கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணுவோம். பாதியில எழுந்துட்டாங்கன்னா விட்டுடலாம், சரத். அம்மாவையும் பிள்ளையையும் பிரிச்சவள்னு பேர் வாங்க எனக்குத் தெம்பு இல்ல."

நாடகம் முடிந்து விளக்குகள் எரிந்தன. பார்வையாளர்கள் கருத்துச் சொல்லும் நேரம். மைக்கை முதலில் வாங்கியவர் வேலாயுதம். சட்டைப் பையில் இரண்டு பேனா.

"நடிப்பு நல்லா இருந்துச்சு. குறை சொல்லல. ஆனா இதையெல்லாம் நாலு பேர் முன்னாடி மேடையேத்தணுமா? ஒரு அம்மா தாங்க முடியாம எழுந்தே போய்ட்டாங்க, பார்த்தீங்கல்ல? அதுதான் இந்த நாடகத்துக்கு விமர்சனம்!"

பாதிப் பேர் கைதட்டினார்கள்.

"அங்கிள், ஒரு டவுட்." இடம் கிடைக்காமல் பின்சுவரில் சாய்ந்து நின்ற இளம்பெண் ரக்ஷனா கையைத் தூக்கினாள். "ஆணுக்கு வயசு கூட, பொண்ணுக்குக் கம்மின்னா ஓகேவா?"

"அது வேற, பாப்பா."

"எப்படி வேற?"

"எனக்கும் எங்க வீட்டுக்காரிக்கும் பதினாறு வயசு வித்தியாசம். நல்லாத்தானே இருக்கோம்!"

அரங்கம் சிரித்தது. பக்கத்திலிருந்த அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

இளமதி உதட்டை அசைக்காமல் சொன்னாள். "கேட்டியா? போதும். விட்டுடலாம்."

சரத் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலாயுதம் விடுவதாக இல்லை. "மனசு எப்படி எரிஞ்சிருந்தா அந்தம்மா அப்படிப் போயிருப்பாங்க? இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுப்பாங்களா? ஏன் பாப்பா நின்னுக்கிட்டே இருக்கே? அவங்க சீட்டு காலிதானே, போய் உட்காரு."

ரக்ஷனா இரண்டாவது வரிசைக்குப் போனாள். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உட்கார முடியாது, அங்கிள். டிஷ்யூ பாக்கெட் இருக்கு."

"மறந்துட்டுப் போயிருப்பாங்க."

"பக்கத்து சீட்லயும் ஒண்ணு இருக்கே. ரெண்டு சீட்லயுமா மறப்பாங்க? இடத்தை 'சோப்' பண்ணிப் பிடிச்சு வெச்சிருக்காங்க, லா. ஆள் வரும்."

இளமதி அப்போதுதான் பார்த்தாள். பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் ஆளுக்கொரு டிஷ்யூ பாக்கெட். இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் இப்படி டிஷ்யூவால் இடம் பிடித்து வைத்துவிட்டுச் சோறு வாங்கப் போகிறவர்கள் திரும்பி வராமல் இருந்ததில்லை.

கதவு திறந்தது.

மூச்சு வாங்க கமலா நின்றார். ஒரு பெரியவரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். பெரியவரின் விரலில் பாதி குடித்த 'தே தாரிக்' தேநீர் பிளாஸ்டிக் பையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"விடு கமலா. கீழே காப்பிக் கடையிலயே இருப்பேன்னு சொல்லித்தானே உன்கூட வந்தேன்?"

"சும்மா வாங்க."

"அப்பா..." என்றான் சரத். முணுமுணுப்பாக வந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை, இளமதியைத் தவிர.

கமலா டிஷ்யூ பாக்கெட்டுகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். கணவரைத் தோளைப் பிடித்து அமர்த்தினார். தானும் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"என்ன, முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா... அது வந்து... உங்களைப் பத்தித்தான்..." வேலாயுதத்தின் கையில் மைக் இன்னும் இருந்தது.

கமலா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேடையைப் பார்த்துச் சொன்னார்.

"சரத், அந்த வசனத்தை இன்னொரு தடவ சொல்லுப்பா. அப்பா உட்கார்ந்துட்டார்."