அரைக் கரண்டி

"அரைக் கரண்டி போதும்க்கா."

கேன்டீன் அக்கா கரண்டியை அந்தரத்திலேயே நிறுத்தினார். "யாருக்கு? உனக்கா?"

பேருந்துப் பணிமனையில் அந்த ஓட்டுநருக்கு 'டபுள்' என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் இரண்டாகக் கேட்பார். தட்டில் சோறு குவிந்திருக்கும். பொரித்த கோழி நாலு துண்டுக்குக் குறையாது. எடை நூற்றாறு கிலோ. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு விரல் நுழையாது.

"வயிறு சரியில்லையா தம்பி?"

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பெருசா இருக்கு, அவ்வளவுதான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாலு நாள்கூடத் தாங்காது என்றார் அவருடைய நடத்துநர்.

தாங்கியது. மறுநாளும் அரைக் கரண்டி. குளிர்பானம் நின்றது, டீயில் சர்க்கரை நின்றது. கோழித் தட்டு பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடிப்பார். வண்டி எடுப்பதற்கு முன் பணிமனையை ஆறு சுற்று நடப்பார். முதல் மாதம் இரண்டாவது சுற்றிலேயே மூச்சிரைத்து டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது மாதம், கூட நடந்த நடத்துநர்தான் உட்கார்ந்தார்.

"மாப்ள, ரெண்டாங் கல்யாணம் ஏதாவது யோசனை இருக்கா?"

"மொத கல்யாணத்துக்கே பர்மிஷன் கேட்டுத்தான் மூச்சு விடறேன். நட நீ."

கேன்டீன் அக்காவுக்கு மட்டும் ஆறவேயில்லை. "என் கை ருசி கெட்டுப்போச்சுன்னு நேராவே சொல்லிடு தம்பி. இருக்கற கவலையில உப்பு முன்னப்பின்ன விழுதுன்னு எனக்கே தெரியும்."

"ருசியா இருக்கறதாலதான்க்கா பயமே."

"அப்ப இன்னொரு கரண்டி..."

அவர் தட்டைக் கையால் மூடிக்கொண்டார். கண் மட்டும் பாத்திரத்திலேயே இருந்தது. அக்கா விருட்டென்று அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

ஆறாவது மாதம், மருத்துவமனை எடைக் கருவி எண்பத்தொன்று காட்டியது. டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அன்னிக்குக் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. இன்னிக்குச் சுத்தமா இருக்கு. எத்தனையோ பேருக்கு உடம்பக் குறைங்கன்னு சொல்லியிருக்கேன். சொன்னதச் செஞ்சு காட்டினவரு நீங்கதான்."

டபுள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "அப்ப ஆபரேஷன் பண்ணிடலாமா டாக்டர்?"

"வியாழக்கிழமை. உங்க கல்லீரல்ல ஒரு பகுதிய மட்டும் எடுத்து அந்தக் கொழந்தைக்கு வைக்கப்போறோம், உங்களுக்குத் திரும்ப வளர்ந்துடும். உங்க வீட்டம்மா சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. அந்தக் கொழந்தையோட அம்மாகிட்டதான் நீங்க இன்னும் சொல்ல விடல."

"கொழுப்பு கரையலன்னா என்ன பண்றது டாக்டர்? நம்பிக்கையக் குடுத்துட்டுப் பிடுங்கின மாதிரி ஆயிடுமே."

"இனிமே பயமில்ல. வெளியிலதான் இருக்காங்க. போய் நீங்களே சொல்லுங்க."

அவர் கதவைத் திறந்தார். பெஞ்சில், மஞ்சள் பூத்துச் சோர்ந்து கிடந்த மகளின் தலையை மடியில் வைத்திருந்த கேன்டீன் அக்கா நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டார்.

"அரைக் கரண்டி அரைக் கரண்டின்னு கெடந்தியே தம்பி, கடைசியில ஆஸ்பத்திரிக்கு வந்துட்டியா?"