நொடிக்கு முப்பது படம்

ஜெபசீலிக்கும் ஷெல்டனுக்கும் காது கேட்காது. இருவருக்கும் பேச்சு கைகளில்தான். நிச்சயத்துக்கு முன் ஒருமுறை பேசிவிடலாம் என்று வீடியோ அழைப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் புது யுஎஸ்பி கேமராவை வாங்கி, இருப்பதிலேயே பெரிய 1920×1080 அளவை வைத்திருந்தாள். சேலையின் சரிகை இழை இழையாகத் தெரிந்தது.

"கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். சம்மதமா?" என்று கேட்டாள்.

"எனக்கும் மீன்குழம்புதான் பிடிக்கும்" என்றான் ஷெல்டன்.

"நான் என்ன கேட்டேன்?"

அவன் கூச்சத்துடன் ஒப்புக்கொண்டான். "முகம் நல்லாத் தெரியுது. கை தூக்குறது தெரியுது, அடுத்து மடியில கிடக்கு. நடுவுல ஒண்ணும் காணோம். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு நானா ஊகிச்சேன்."

ஜெபசீலி அமைப்புகளைத் திறந்தாள். அந்த அளவில் கேமரா நொடிக்கு ஐந்தே படம்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் வடிவத்துக்கு மாற்றி, 640×480-க்கு இறக்கினாள். நொடிக்கு முப்பது. சரிகை வெறும் மஞ்சளாயிற்று, கண்மை கலங்கிப்போயிற்று. ஆனால் விரல் போன இடமெல்லாம் படமும் கூடவே போனது. வேலைக்குப் போகும் கேள்வியை அவள் மறுபடி கேட்டாள்.

ஷெல்டன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "போகலாமே. எந்த ஊர்ல?"

"இங்கேதான். நீங்கதான் வரணும்."

"நானா? என் வேலை?"

"இங்கே வேலையே இல்லையா?"

ஒருவர் முடிக்குமுன் மற்றவர் ஆரம்பித்தார். இருவருக்கும் சிரிப்பு வேறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஜெபசீலியின் தோளைத் தொட்டு, "என்னட்டி சொல்லுதாரு?" என்று உதட்டை அசைத்தாள். பதில் சொல்ல அவளுக்குக் கை ஒழியவில்லை.