இரண்டு திமில்

"ரெண்டு திமிலு சார்! கன்னங்கரேல்னு, ஒண்ணொண்ணும் பானை கணக்கா முதுகுல ஒக்காந்துகினு கீது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

மீனம்மாள் ஏரிப் பக்கம் கையை நீட்டினாள். கிராம சேவக் ராஜாமணி சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். அவர் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. உரம், விதைநெல், கோழி வளர்ப்பு என்று எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பூதத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை.

"எங்கே பார்த்தீங்க? எந்த நேரத்துல?"

"அதோ, அக்கரையில மூணு பனமரம் தெரியுதே, அத்தாண்ட. உச்சி வெயில்ல. தொப்பு தொப்புனு தண்ணிய அடிக்குது. சுத்தி நொரை. தல ஒரு தபா மேல வருது, ஒரு தபா உள்ள போவுது."

"முதலையா இருக்குமோ?"

"மொதல 'யம்மா'னு கத்துமா சார்?"

ராஜாமணியின் பேனா நின்றது.

"ஆமா சார். யாரையோ முழுங்கிட்டுக் கீது. வவுத்துக்குள்ளேர்ந்து கத்தறாங்க."

பஞ்சாயத்துத் தலைவர் தணிகாசலம் தொண்டையைக் கனைத்தார். "ஒரு மாசமா ஊர்ல பாக்காத ஆளு இல்ல சார். ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன் பாத்துட்டு மூணு நாளு ஜொரத்துல கெடந்தான். பூதம் கெடக்கட்டும், எங்க நெல்லு இன்னா ஆவறது? கதிரு பால் புடிக்கிற நேரம். நாளைக்குள்ள தண்ணி பாயலைனா அத்தனையும் பதருதான்."

விஷயம் அதுதான். பென்னலூர் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரைக்குக் கீழே வயல் வெடித்துக் கிடந்தது. ஏரித் தூம்பை அடைத்திருக்கும் கட்டையை ஆள் முழுகிப் போய்ப் பிடுங்கினால்தான் வாய்க்காலில் தண்ணீர் வரும். அதைத் தொடும் உரிமை, ஏரியைக் காத்துத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி வீட்டு ஆண்பிள்ளைக்கு மட்டுமே. வேறு எவன் கை வைத்தாலும் கரை உடையும் என்று ஊர் நம்பியது. பழைய நீர்க்கட்டி ஆவணியில் இறந்துபோனார். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையே பயிருக்குப் போதுமாக இருந்ததால் அவர் மகன் கோதண்டத்துக்கு இதுவரை தூம்பில் வேலை வரவில்லை. மழை நின்று இருபது நாளாகிறது. இப்போது வேலை வந்துவிட்டது. பூதமும் கூடவே வந்துவிட்டது.

"கோதண்டம் எங்கே?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தான். இருபத்தைந்து வயது, கடைந்தெடுத்த தேக்கு உடம்பு. இந்த உடம்புக்கா பயம் என்று ராஜாமணிக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நீ பார்த்தியாப்பா?"

"பாக்கலீங்க."

"நாள் பூரா ஏரியிலேயே இருக்கிறவன் நீ. உன் கண்ணுல மட்டுமா படலை?"

"படலீங்க. ஆனா ஊரே பாத்துக் கீது. ஊரு பொய் சொல்லுமாங்க?"

ராஜாமணிக்கு உற்சாகம் பொங்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரளாதவன் ஒருத்தனாவது இந்த ஊரில் இருக்கிறானே!

"கேட்டீங்களா? ஏரியைக் காக்கிறவனே பார்க்கலை. அப்புறம் பூதம் ஏது? இறங்குப்பா கோதண்டம்!"

கோதண்டம் ஓரடி பின்னால் நகர்ந்தான். "மார்கழி மாசங்க. நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாதுங்க."

"தண்ணி பாய்ச்சறதுக்கு இன்னாடா மார்கழி, ஆடி?" என்றார் தணிகாசலம்.

"கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கணுங்க."

"முந்தாநேத்தே வச்சாச்சு," என்றாள் மீனம்மாள். "என் ஒண்ணரைக் காணி காயுதுடா. அந்த நெல்ல நம்பித்தான் மாசியில பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிக் கீறேன். எறங்குடா ராசா!" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ராஜாமணிக்கு மனசு தாங்கவில்லை. சட்டையைக் கழற்றி மீனம்மாள் கையில் கொடுத்தார். யாரும் தடுப்பதற்குள் ஏரியில் குதித்துவிட்டார். செங்கல்பட்டில் ஏரித் தண்ணீரிலேயே வளர்ந்தவர் அவர். பனைமரங்களை நெருங்கியபோது காலில் ஏதோ சுற்றியது. தடவிப் பார்த்தார், அல்லித் தண்டு. அந்த இடத்தை இரண்டு முறை சுற்றி நீந்திவிட்டுக் கரைக்குத் திரும்பினார். கூட்டம் விசிலடித்தது.

"பார்த்தீங்களா? ஒரு திமிலும் இல்லை, ஒரு வாலும் இல்லை! கோதண்டம், இனிமே என்ன சாக்கு சொல்லப்போறே?"

கோதண்டம் அவரைக் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனான்.

"சார், நீங்களும் என் கூட எறங்குங்க. கட்டைய நீங்க புடுங்குங்க, ஊருக்கு நான் புடுங்கினதா இருக்கட்டும். நான் கரையோரமா இடுப்பளவு தண்ணியில நிக்கறேன்."

"பூதம் இல்லைனுதான் கண்ணெதிரே காட்டிட்டேனே! இன்னும் என்னய்யா பயம்?"

"பயம் பூதத்துக்கு இல்லீங்க, தண்ணிக்குத்தான்." கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதோரம் குனிந்தான். "ரெண்டு சொரக்குடுக்கைய முதுகுல கட்டிக்கினு, அந்தப் பனமரத்தாண்ட ஒரு மாசமா நீச்சல் கத்துக்கினு கீறேன்... இன்னும் வரல சார்!"