இரண்டு மில்லிமீட்டர்

செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, கண் மருத்துவமனையின் ஆறாம் எண் அறைக்கு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தொழிற்சாலைப் பெண்ணின் இரத்தத்தில் தூக்க மருந்து இருந்தது.

"நான் சொல்லல?" என்றார் அவளை அழைத்து வந்த சூப்பர்வைசர். சுவரோரம் நின்று, மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தார். அவர் யாரையும் அப்படித்தான் பார்ப்பார். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் 'துரை'.

"நின்னுக்கிட்டே தூங்குது டாக்டர். நாலு டம்ளர் டீ குடிச்சாலும் இந்தம்மாவுக்கு விடியறதில்ல. மூணு தடவை போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். கேட்டா, முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்னு சாதிக்குது."

"முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்." நாற்காலியில் இருந்தவள் திரும்பினாள். "தூங்கறவ ஒரு ஷிப்டுக்கு நாப்பது டிரம் பொடி எப்படிச் சலிப்பா? அதையும் போட்டோ எடுத்திருக்கலாமே."

அவளுடைய இரண்டு மேலிமைகளும் கருவிழியின் மேற்பகுதியை மூடித் தொங்கின. டாக்டர் சிறிய அளவுகோலைப் பிடித்து அளந்திருந்தார். கண்மணியின் நடுவிலிருந்து இமை விளிம்பு வரை இரண்டு மில்லிமீட்டர். குறைந்தது நான்கு இருக்க வேண்டும்.

நோய் என்று அன்று மாலைக்குள் சான்றிதழ் தராவிட்டால் ஒன்பது வருட வேலை போய்விடும். நீக்கக் கடிதம் தயாராகி, சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இருந்தது.

"தூக்க மாத்திரைய ரொம்ப நாள் சாப்பிடறவங்களுக்கு இமை இப்படி இறங்குதுன்னு ஆராய்ச்சி வந்திருக்கும்மா," என்றார் டாக்டர். "எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?"

"தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்ல."

"ரிப்போர்ட்ல வேற மாதிரி இருக்கே."

"அப்ப நான் பொய் சொல்றேன். அவரு என்னைத் தூங்குமூஞ்சிங்கறாரு, நீங்க திருட்டுத்தனமா முழுங்கறேங்கறீங்க. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு ரெண்டு புள்ளைங்களைப் படிக்க வெக்கறேன். ஆளாளுக்கு ஒரு பழி போட்டா நான் எங்க போறது?"

மேசையில் ஓங்கி அறைந்தாள். கண்ணாடிப் பரப்பில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன.

டாக்டர் அந்தத் தடத்தைப் பார்த்தார். "இது என்னம்மா?"

"சலிக்கிற பொடி. வேலையில இருந்தவள இழுத்துட்டு வந்தாரு, கையைக்கூடக் கழுவ விடல."

"என்ன பொடி?"

"எங்களுக்கு யாரு சொன்னா? பதினேழாம் நம்பர்னு கூப்பிடுவோம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடி வருஷக்கணக்காச்சு. சாப்பிடற சோத்துலயும் அதான், மூக்குலயும் அதான்."

"அதெல்லாம் கம்பெனி ரகசியம் டாக்டர்," என்றார் சூப்பர்வைசர். "உங்களுக்கு எதுக்கு? மாத்திரை சாப்பிடுதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, நான் கிளம்பறேன்."

டாக்டர் பரிசோதனைத் தாளில் மருந்தின் பெயரை வட்டமிட்டு அவரிடம் நீட்டினார். "இந்தப் பேரை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அவர் தாளை வயிற்றுக்கு நேராகப் பிடித்து, தலையை இன்னும் பின்னுக்குச் சாய்த்துப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"டிரம் மேல இங்கிலீஷ்ல ஒட்டியிருக்கற பேரு," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அந்தப் பிரிவுல நீங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பதினாலு."

டாக்டர் அளவுகோலைப் பஞ்சால் துடைத்தார்.

"நீங்க கொஞ்சம் எழுந்திரிங்கம்மா. சார், அந்த நாற்காலில நீங்க வந்து உக்காருங்க. தலையைச் சாய்க்காம நேரா பாருங்க."