இடது முன்கையில் ஒரு தழும்பு

ஒன்பதாவது கையும் சுத்தமாக இருந்தது.

ராணுவ டாக்டரான கர்னல் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அன்பழகனின் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜரிகைத் தூள் ஒட்டியிருந்ததே தவிர, ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவனுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழில், அங்க அடையாளம் என்ற இடத்தில், முத்து முத்தான எழுத்தில் இருந்தது: இடது முன்கையில் ஒரு தழும்பு.

அதற்கு முன் பார்த்த எட்டுப் பேரின் சான்றிதழிலும் அதே வரிதான். எட்டுப் பேர் கையிலும் தழும்பு மருந்துக்கும் கிடையாது.

ஆரணியில் ஒரு கல்யாண மண்டபம். முன்னாள் ராணுவத்தினரின் மேல்முறையீட்டை விசாரிக்கும் முகாம். ஓடுகிற தறியை அப்படியே நிறுத்திவிட்டு வந்த ஒன்பது பேர், தங்களோடு படித்த தருமனுக்காக, சட்டைக் கையையும் ரவிக்கைக் கையையும் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நாற்பத்தைந்து வயதில், தடுப்பூசிக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி.

தருமன் இருபத்து நான்கு வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டியவன். சிக்கிமில் ஒரு மழைக்காலத்தில் வண்டி சரிவில் உருண்டு, இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழிந்தது. தையல் போட்ட இடம் தடித்து இழுத்துக்கொண்டதில் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. அப்போது கூடாரத்தில் வைத்தியம் பார்த்த காகிதங்கள் அந்த மழையோடே போய்விட்டன. ஓய்வு பெற்று வந்து தறியில் உட்கார்ந்தால், அறுந்த ஒரு இழையைப் பிணைக்கக்கூட அந்தக் கையால் ஆகவில்லை.

ஊன ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டான். வந்த பதில்தான் அவனைக் கொன்றது.

இந்தத் தழும்பு நீங்கள் பணியில் சேரும்போதே இருந்தது, சேர்க்கைப் படிவத்தைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள். படிவத்தில் இருந்தது, அவனுடைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் காப்பியடித்த வரி.

பணம் போனால் போகட்டும். மூன்று வருடமாக அரசாங்கக் காகிதத்தில் அவன் பொய்யன். அதுதான் அவனுக்குத் தாங்கவே இல்லை.

வகுப்பில் எல்லாருக்கும் இதே வரிதான் இருக்கும், தேடிப் பார்க்கலாம் என்று சொன்னவள் தமிழ்ச்செல்வி. அவளும் கூடப் படித்தவள்தான், பெரணமல்லூரில் வாக்கப்பட்டவள். ஆரணிக்குப் பட்டு நூல் வாங்க வரும்போதெல்லாம் தருமன் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். போன தை மாதம் ஆரம்பித்தாள். போளூர், கலசப்பாக்கம் என்று பஸ் ஏறி இறங்கி, பீரோவுக்கு அடியில் கரையான் அரித்துக் கிடந்ததைக்கூட விடாமல் சேர்த்துவிட்டாள். கூடப் பிறந்தவள்கூட இப்படி அலைய மாட்டாள். உனக்கு ஏன் இந்தப் பாடு என்று தருமன் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒன்பது கைகளையும் பார்த்து முடித்த கர்னல் வாய்விட்டுச் சிரித்தார். தருமனுக்கு உயிர் வந்தது.

ஆனால் அவர் சிரிப்போடு விடவில்லை. ஒன்பது பேருக்குத் தப்பாக எழுதியவர், பத்தாவதாக உங்களுக்கு மட்டும் சரியாக எழுதியிருக்கலாம் இல்லையா என்று கேட்டார். எழுதியவர் வந்து சொன்னால் இப்போதே முடித்துவிடலாம் என்றும் சொன்னார்.

வகுப்பாசிரியர் கிளமெண்ட் சார் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

வரிசையில் நின்றவர்கள் சுருட்டிய கைகளை இறக்கிவிட்டார்கள். தருமன் தன் காகிதங்களைச் சுருட்டத் தொடங்கினான். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது.

அதுவரை மற்றவர்களின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி, தன்னுடையதையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதிலும் அதே வரி. பிறகு ரவிக்கையின் நீளக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினாள்.

அங்கே தழும்பு இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய தீக்காயம்.

அன்பழகன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒன்பது சுத்தமான கைகளைக் காட்டியதையும் இவள் கெடுத்துவிட்டாளே என்று தருமன் சுருட்டிய காகிதங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“எழுதுனது நான்தாங்க சார். என் எழுத்து நல்லா இருக்குதுன்னு கிளமெண்ட் சாரு முப்பத்தி நாலு பேருதயும் என்கிட்ட குடுத்துட்டாரு. ஒவ்வொருத்தரா கூப்ட்டு பாக்க பேஜாரா இருந்துச்சு. என் கையப் பாத்தேன், எல்லாருக்கும் அதயே எழுதிட்டேன்.”

கர்னல் ஒரு வெள்ளைத் தாளையும் தன் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குனிந்து அந்த ஒரு வரியை எழுதினாள். இருபத்தொன்பது வருடம் ஆகியும் எழுத்து கொஞ்சம்கூட மாறவில்லை. தருமனின் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க, அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

கர்னல் மறுப்புக் காகிதத்தின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்தார். இந்தத் தழும்பு பணியின்போது ஏற்பட்டது என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து நின்று தருமனின் அந்த இடது கையையே பிடித்துக் குலுக்கினார். அன்பழகன் அடித்த விசிலில் மண்டபமே அதிர்ந்தது. தருமனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அவன் அடக்கவில்லை.

வெளியே டீக்கடையில் எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, அவன் மட்டும் டம்ளரை வாயில் வைக்காமல் நின்றான். மூன்று வருடமாக, செத்த மனுஷன் என்றும் பாராமல் கிளமெண்ட் சாரை அவன் திட்டாத திட்டு இல்லை. எழுதிய கை விளங்காமல் போக என்று விடிந்தால் சாபம், பொழுது சாய்ந்தால் சாபம். நேராகக் கல்லறைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அத்தனையும் அந்த நல்ல மனுஷன் தலையில் போய் விழுந்திருக்குமே என்று தமிழ்ச்செல்வியிடம் புலம்பினான்.

அவள் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்.

“அவருக்கு எங்கடா போச்சு? உன் எதிர்ல உக்காந்து அத்தனையும் நான்தானே வாங்கிகினு இருந்தேன்.”